கரிசல் நிலமும் வேற்றுக்கோளும்: சுயாதீன அறிவியல் புனைவுப் படங்களில் காட்சியும் கதையும்

சுயாதீன அறிவியல் புனைவுப் படத்தில் காட்சி நடை முக்கியமா, கதை முக்கியமா என்ற கேள்வி பணமுடையில் பிறந்தது. இரண்டுக்கும் கையில் காசு போதாதபோது பெரும்பாலும் கதையே கைவிடப்படுகிறது. முன்னோட்டத்தில் காட்டித் தயாரிப்பாளரைப் பிடிக்கக் காட்சிதானே உதவும்!

கிறிஸ் மார்க்கரின் ‘லா ஜெத்தே’ (1962) 28 நிமிடப் படம். ஒரு பெண் கண் விழிக்கும் சில நொடிகள் தவிர முழுவதும் அசையாப் புகைப்படங்கள். ஒரு கைதி தன் நினைவைப் பற்றிக்கொண்டு கடந்த காலத்துக்குள் செல்வதே கதை. நினைவில் எஞ்சுவதும் துண்டு துண்டான படங்கள்தாம் என்பதால், அங்கே சிக்கனமே கதையின் வடிவமாகிவிட்டது. ஷேன் கருத் ஏறத்தாழ 7,000 டாலரில் எடுத்த ‘பிரைமர்’ (2004) ஒரே விதியை நம்பியது: ஆறு மணி நேரம் பின்னே போக, ஆறு மணி நேரம் பெட்டிக்குள் கிடக்க வேண்டும். முடிச்சுகள் அளவு மீறி இறுகியது அதன் குறை. ஆனால் பெட்டி பளபளக்கவில்லை என்று யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

தமிழில் ஆர். ரவிக்குமாரின் இரு படங்கள் ஒப்பிடத் தக்கவை. கண்டிப்பாகப் பார்த்தால் இரண்டும் சுயாதீனப் படங்கள் அல்ல. ‘இன்று நேற்று நாளை’யில் (2015) எதிர்காலத்திலிருந்து வந்த கால இயந்திரத்தைக் கொண்டு, தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தரும் சோதிடத் தொழில் நடக்கிறது. இந்த யோசனை தமிழ்த் தெருவில்தான் முளைக்கும். ‘அயலான்’ (2024) வரைகலைக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தது. வேற்றுக்கோள் உயிரி நேர்த்தியாகவே வந்தது; கதை பழகிய நாயகன், வில்லன் தடத்தை விட்டு விலகவில்லை. ஆரதி கதவின் இந்திப் படமான ‘கார்கோ’ (2019) வேறு வழி கண்டது. அதில் ராட்சசர்கள் விண்கலத்தில் அமர்ந்து, இறந்தவர்களின் நினைவை அழித்து மறுபிறவிக்கு அனுப்புகிறார்கள். கலத்தின் பழைய அலுவலகத் தோற்றமே அந்த வேலையின் சலிப்பைச் சொல்லிவிடுகிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் காட்சி இலவசமாகவே கிடைக்கும். பாளம் பாளமாக வெடித்த கரிசல், முள் மூடிய கண்மாய், புகையும் கரிமூட்டம். வேற்றுக்கோளுக்கு இதற்கு மேல் செட் வேண்டியதில்லை. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. ட்ரோனை உயரப் பறக்கவிட்டு வறட்சியை அழகாகக் காட்டும் படத்தில், ஊர் யாருமற்ற பாழ்நிலமாகிவிடுகிறது.

சீமைக்கருவேலத்தை வெறும் பின்னணியாக நிறுத்துவது பெரும் வீணடிப்பு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து நன்மைக்கென்று கொண்டுவந்த மரம் கண்மாயையும் தரிசையும் பிடித்துக்கொண்டது. அதே மரம் விறகாகவும் கரியாகவும் எத்தனையோ வீடுகளில் உலை வைக்கிறது. அயல் உயிர் படையெடுக்கும் கதைக்கு இதைவிடச் சிக்கலான பகைவன் கிடைப்பது அரிது. அழித்தால் பிழைப்பு போகும், விட்டால் நிலம் போகும் என்ற நெருக்கடியில் கதைக்கான விதி தயாராகவே இருக்கிறது. கண்மாய் மடையைத் திறப்பதிலும் நீரைப் பங்கிடுவதிலும் உள்ள முறைகளும் அப்படித்தான். தண்ணீர்ப் போருக்குப் பிந்தைய உலகைக் காட்டும் கென்யக் குறும்படமான வனூரி கஹியுவின் ‘பும்சி’யில் (2009) வியர்வையும் சிறுநீரும் மீண்டும் குடிநீராகின்றன. அந்த ஒரு ஏற்பாடே அங்குள்ள அரசு எப்படிப்பட்டது என்பதைக் காட்டிவிடுகிறது.

ஒலியை இந்த விவாதம் பெரும்பாலும் மறந்துவிடுகிறது. ‘தி வாஸ்ட் ஆஃப் நைட்’ (2019) படத்தில், ஒருவர் தொலைபேசியில் தன் அனுபவத்தைச் சொல்லும்போது திரை சில கணங்கள் முழுக்க இருண்டு, குரல் மட்டும் தொடர்கிறது. அந்த இருட்டுக்கு வரைகலைச் செலவே இல்லை. நல்ல குரலும் சுத்தமான ஒலிப்பதிவும் இருந்தால் போதும்.