டைட்டர் வேல்யூவும் நொய்யல் தண்ணீரும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் வேதியியல் துறை சார்பாக ஆற்றிய உரை)



மேடைப் பேச்சு எனக்குப் பழக்கம் இல்லைங்க. சாயப்பட்டறையிலும் சுத்திகரிப்பு நிலையத்திலும் முப்பது வருஷத்துக்கு மேல் தண்ணீரை அளந்துகொண்டே இருந்தவன். 'பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி அன்றும் இன்றும்' என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். காலையில் டீ குடிக்கும்போதே என் வகுப்பு நண்பன் ஒருவன் - இன்றைக்கு ஐம்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளி - அதற்கு முன்னுரை எழுதிக் கொடுத்துவிட்டான். "ஏண்டா, நமக்கு லேப் டிப் போடத் தெரிஞ்ச பையன் போதும். காலேஜ்ல என்னடான்னா குவாண்டம், தெர்மோடைனமிக்ஸ், அலைடு மேத்ஸ்னு மூணு வருசம் ஓட்டறாங்க. இத்தனை பேப்பர் எதுக்கு? பேசாம சாயம் போடறதை மட்டும் சொல்லிக் குடுத்தா ஆகாதா?" என்றான்.

நியாயமான கேள்விதான். இங்கே உள்ள தம்பி தங்கைகள் மனதிலும் அது இருக்கும். அதற்கு என்னால் முடிந்த பதிலைச் சொல்கிறேன்.

நான் 1987-ல் இங்கே சேர்ந்தேன். 1982-ல் தொடங்கிய பாரதியார் பல்கலைக்கழகத்துக்கு அப்போது ஐந்து வயது. பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றில் மெயின் வேதியியல், கூடவே ஆன்சிலரி என்று கணிதமும் இயற்பியலும். இன்றைக்கு அந்த ஆன்சிலரி 'அலைடு' ஆகிவிட்டது. ஆறு செமஸ்டர், 140 கிரெடிட், எலெக்டிவ், திறன் பாடம், பகுதி ஐந்தில் என்.எஸ்.எஸ். போன்ற விரிவாக்கப் பணி, 2022 முதல் 'நான் முதல்வன்' பயிற்சி என்று பட்டியல் நீண்டிருக்கிறது. எங்களுக்கு இல்லாத ஒரு தாள் உங்களுக்கு இருக்கிறது: சுற்றுச்சூழல் கல்வி. எம்.சி. மேத்தா வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் தொடர்ச்சியாக, பின்னாளில் பல்கலைக்கழக மானியக் குழு எல்லாப் பட்டப் படிப்புக்கும் அதைக் கட்டாயம் ஆக்கியது. அந்தத் தாளை முந்தின நாள் ராத்திரி மட்டும் படிப்பவர்கள் இங்கே எத்தனை பேர் என்று கேட்க மாட்டேன். திருப்பூர்க்காரன் அதைக் கேட்கக் கூடாது.

இனி நண்பனின் கேள்விக்கு வருகிறேன். நான் 1990-ல் வேலைக்குப் போன பட்டறையில் இருந்தது விஞ்ச் மிஷின். பிறகு சாஃப்ட் ஃப்ளோ வந்தது. சாயங்கள் மாறின, கெமிக்கல் கம்பெனிகள் மாறின. அன்றைக்கு 'சாயம் போடுவது எப்படி' என்று மட்டும் கற்றுக்கொண்டு வந்திருந்தால், ஐந்து வருஷத்தில் என் படிப்பு பழைய இரும்புக்குப் போயிருக்கும். போகாமல் காப்பாற்றியது நாங்கள் திட்டிக்கொண்டே படித்த அந்தப் பேப்பர்கள்தான்.

முதலில் வினைவேகவியல். 1956-ல் ஐ.சி.ஐ. கம்பெனி 'புரோசியான்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டு வந்த ரியாக்டிவ் சாயத்தின் வாரிசுகளை வைத்துத்தான் இன்றைக்கும் நம் ஊர் காட்டன் பனியனுக்கு நிறம் ஏற்றுகிறோம். சோடா ஆஷ் போட்டு பி.எச். 11 பக்கம் கொண்டு போனதும் அந்தச் சாயத்துக்கு இரண்டு வழி திறக்கிறது. ஒன்று, செல்லுலோஸோடு பிணைவது. இன்னொன்று, தண்ணீரோடு வினைபுரிந்து கெட்டுப் போவது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிற இணை வினைகள். தண்ணீரோடு போன சாயம் திரும்ப நூலில் ஒட்டாது. ஷேடைப் பொறுத்து நூற்றுக்கு இருபது, முப்பது பங்குகூட அப்படிப் போகும். அலசி அலசி வெளியே விடுகிற சிவப்பும் நீலமும் அதுதான்.

இரண்டாவது, பொருண்மை அழியா விதி. பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். சாயத்துக்கு உப்பு எதற்கு? தண்ணீரில் பருத்தியின் மேற்பரப்புக்கு எதிர் மின்சுமை, சாயத்துக்கும் எதிர் மின்சுமை. ஒன்றை ஒன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளுதலை அடக்கிச் சாயத்தை நூல் பக்கம் அனுப்புகிறது. அவ்வளவுதான் அதன் வேலை, அது செலவாவதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோ துணி, ஒன்றுக்கு எட்டு என்று தண்ணீர், ஆக 800 லிட்டர். லிட்டருக்கு 60 கிராம் வீதம் 48 கிலோ உப்பு. உள்ளே போனது 48 கிலோ என்றால் வெளியே வருவதும் 48 கிலோதான். லிட்டருக்கு 60 கிராம் என்பது 60,000 மில்லிகிராம். அலசின தண்ணீர் சேர்ந்து பத்து மடங்காக நீர்த்தாலும் 6,000. ஆற்றில் விட விதி அனுமதித்த டி.டி.எஸ். 2,100. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டால் நிறம் போய்விடும். கண்ணாடி மாதிரித் தண்ணீர் வரும். உப்பு அப்படியே இருக்கும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம், பி.எஸ்சி. போதும்.

மூன்றாவது, சவ்வூடு பரவல் அழுத்தம். வான்ட் ஹாஃப் சமன்பாட்டை நாங்கள் மனப்பாடம் செய்தோம். எதற்கென்று தெரியாது. லிட்டருக்கு 10 கிராம் சாதா உப்புக் கரைந்த தண்ணீருக்கு 30 டிகிரியில் அந்த அழுத்தம் ஏறக்குறைய 8.5 அட்மாஸ்பியர். ஆர்.ஓ. மிஷினில் பம்ப் அதைவிட அதிகமாக அழுத்தினால்தான் நல்ல தண்ணீர் பிரியும். பிரியப் பிரிய மீதித் தண்ணீரின் உப்பு கூடும், அழுத்தமும் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் பம்ப்பால் ஆகாது. அதனால்தான் ஆவியாக்கும் கலன் வேண்டும், அதற்கு விறகோ நிலக்கரியோ வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்தின் செலவு எங்கே கூடுகிறது என்பது அந்த ஒற்றைச் சமன்பாட்டிலேயே இருக்கிறது.

நான்காவது, டையசோ வினை. ஐஸ் பெட்டியில் டெஸ்ட் டியூபை வைத்துக்கொண்டு விளையாட்டாகச் செய்தோம். 1994-ல் ஜெர்மனி, கெடுதலான அமீன்களை வெளிவிடக்கூடிய அசோ சாயங்களுக்குத் தடை போட்டது. 1997-ல் இந்தியாவிலும் தடை வந்தது. எந்தச் சாயம் உடைந்தால் எந்த அமீன் வரும் என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவன் பட்டறையில் யாரென்று முதலாளிகள் தேடினார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் எனக்குச் சம்பளம் கூடியது.

இதுவரை பேப்பர்களைப் பற்றிச் சொன்னேன். ஆனால் இந்தப் பட்டப் படிப்பு கேட்கிற முக்கியமான தேவை எந்தப் பேப்பரிலும் இல்லை. அது பிராக்டிகல் ரெக்கார்டு நோட்டில் இருக்கிறது. இதைச் சொல்லத்தான் உண்மையில் நான் வந்தேன்.

வால்யூமெட்ரி செய்கிறோம். மூன்று ரீடிங் எடுக்க வேண்டும். நான் ஒன்று எடுப்பேன், மற்ற இரண்டையும் அதே மாதிரி எழுதிவிடுவேன். 19.8, 19.8, 19.8. நம்மில் பலரும் செய்ததுதான், சிரிக்காதீர்கள். ஒரு நாள் எங்கள் சார் நோட்டைப் பார்த்துவிட்டு, "கண்ணு, உன் கை என்ன மிஷினா? வந்ததை எழுது. தப்பா வந்தா தப்புன்னு எழுது. நான் மார்க் குறைச்சாலும் பரவாயில்லை, அந்தத் தண்ணிக்கு நீ பொய் சொல்லாதே" என்றார். அவர் போனதும் சிரித்தோம். தண்ணிக்கு யாராவது பொய் சொல்ல முடியுமா என்று.

முடியும். நான் சொல்லியிருக்கிறேன்.

நான் வேலை பார்த்த பட்டறையின் பெயர் வேண்டாம். வெளியே விடும் தண்ணீரின் டி.டி.எஸ். தினமும் லாக் புக்கில் எழுத வேண்டும். மீட்டர் காட்டியது ஐயாயிரம், ஆறாயிரம். நான் எழுதியது 2,050, 2,080, 2,040. கல்லூரியில் ஒரே எண்ணாக எழுதி மாட்டிக்கொண்டவன் அல்லவா? இங்கே கொஞ்சம் மாற்றி மாற்றி எழுதும் அளவுக்குத் தேறிவிட்டேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. "பார்த்து எழுதுப்பா" என்றார்கள், எழுதினேன்.

என் தாய்மாமனுக்கு ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே தோட்டம். 1992-ல் நொய்யலின் குறுக்கே அந்த அணை கட்டி முடிந்தபோது பாசனத்துக்குத் தண்ணீர் வரும் என்று சந்தோஷப்பட்டவர். சில வருஷத்தில் அணையில் தேங்கியது நம் சாயத் தண்ணீர். ஒரு நாள் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "மாப்ளே, நீதான் கெமிஸ்ட்ரி படிச்சவன். இதுல என்ன இருக்குதுன்னு பார்த்துச் சொல்லு சாமி. தென்னையெல்லாம் குரும்பையிலயே கொட்டுது" என்றார்.

நம் கல்லூரி லேபுக்குத்தான் வந்தேன். அதே சார் அனுமதி கொடுத்தார். 20 மில்லி தண்ணீர், பொட்டாசியம் குரோமேட், பியூரெட்டில் 0.02 நார்மல் சில்வர் நைட்ரேட். ஐம்பது மில்லியும் இறங்கியது, செங்கல் நிறம் வரவில்லை. மறுபடி நிரப்பினேன். 56-ஐத் தாண்டித்தான் வந்தது. லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் குளோரைடு. குடிநீருக்கு வேறு வழியே இல்லை என்றால்கூட 1,000-க்கு மேல் கூடாது. சார் ஒன்றும் கேட்கவில்லை. "மூணு ரீடிங் எடுத்தியா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையாக மூன்று ரீடிங் எடுத்தேன்.

மாமாவிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் உப்பு இருக்குதுங்க மாமா." அவ்வளவுதான் சொன்னேன். நான் எழுதும் லாக் புக்கைப் பற்றிச் சொல்லவில்லை. மறுநாளும் 2,060 என்றுதான் எழுதினேன்.

பிறகு நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006-ல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2009-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. கடைசியில் 2011 ஜனவரி 28-ஆம் தேதி, துளிக் கழிவும் வெளியே விடாத நிலைக்கு வராத பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. எத்தனை குடும்பம் ஊரைக் காலி செய்தது என்று நாம் கண்ணால் பார்த்தோம். எனக்கும் வேலை போனது. லாக் புக்கில் பொய் எழுதியவன் நான் ஒருவன்தான் என்று சொல்லவில்லை. ஆனால் நான் ஒருவன். 1990-களிலேயே என்னைப் போன்றவர்கள் மீட்டர் காட்டியதை எழுதியிருந்தால், முதலாளிகளும் அதிகாரிகளும் முன்னாலேயே விழித்திருக்கலாம். மாமாவின் தென்னைகள் நின்றிருக்குமோ என்னமோ. அவர் அவற்றை வெட்டி விற்றுவிட்டார்.

அதன் பிறகு ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் கெமிஸ்டாகச் சேர்ந்தேன். தண்ணீரை ஆர்.ஓ.வில் பிரித்து, மீதி உப்புக் கரைசலையே திரும்பச் சாயத்துக்கு அனுப்புகிற முறை அங்கே ஓடுகிறது. வெளியே போய்க்கொண்டிருந்த அந்த 48 கிலோ இப்போது உள்ளேயே சுற்றுகிறது. அங்கே பொய் ரீடிங் எழுதினால் சவ்வு அடைத்துக்கொள்ளும், அடுத்த லாட்டில் ஷேட் மாறும், மறுநாளே மாட்டிக்கொள்வோம். ஆறு அப்படி இல்லைங்க. உடனே கேட்காது. வருஷம் கழித்துத்தான் கேட்கும்.

தம்பி தங்கைகளுக்கு இரண்டே வேண்டுகோள். ஒன்று, பனியன் கம்பெனியில் வாரச் சம்பளம் கிடைக்கிறது என்று மூன்றாம் வருஷத்தில் அரியரோடு விட்டுவிட்டுப் போகாதீர்கள். வீட்டுக் கஷ்டம் எனக்கும் தெரியும். நானும் ராத்திரி செக்கிங் வேலை பார்த்துக்கொண்டே படித்தவன்தான். எழுபத்தைந்து சதவீத வருகையும் நாற்பது மார்க்கும் யாரும் தாண்டக்கூடிய வேலிதான். அந்த அலைடு மேத்ஸை எழுதி முடித்துவிட்டு வாருங்கள். இரண்டு, மூன்று ரீடிங் என்றால் மூன்று ரீடிங் எடுங்கள். வித்தியாசமாக வந்தால் வித்தியாசமாகவே எழுதுங்கள்.

முதலாளியாகிவிட்ட நண்பர்களுக்கும் ஒன்று. மார்ச் மாதத்தில் கடைசி வருஷப் பையனை நைட் ஷிப்டுக்குக் கூப்பிடாதீர்கள். பரீட்சை முடிந்து வரட்டும். உங்கள் லேபில் வேலைக்கு இருக்கும் பையன் கெட்ட ரீடிங்கை எழுதிக்கொண்டு வந்து நின்றால், அவனைத் திட்டாதீர்கள். "பார்த்து எழுதுப்பா" என்று சொல்லாதீர்கள். நம் துறைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மேடைக்குப் புது விளக்கு வேண்டாம், சில்வர் நைட்ரேட் வாங்கிக் கொடுப்போம். விலை அதிகம் என்று பிள்ளைகளுக்கு அளந்து அளந்து தருகிறார்கள். மூன்று ரீடிங் எடுக்கிற அளவுக்காவது அது இருக்கட்டும்.

அந்த சார் இன்று நம்மிடையே இல்லை. மாமாவின் கிணற்றுத் தண்ணீருக்கு எடுத்த மூன்று ரீடிங்கும் எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது. 56.2, 56.5, 56.4. ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசம். அதில் சார் சிவப்பு மையில் போட்ட 'டிக்' இருக்கிறது. நான் பட்டம் வாங்கியது 1990-ல். ஆனால் அதற்கான தகுதி வந்தது அந்தத் தாளில்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.