ஜீனோவும் ஒரு லயத்து வீடும்



தெல்தோட்டையில் எனக்குத் தெரிந்த லயத்து வீடொன்றில் அம்மாயியும் பேத்தியும் மட்டுமே இருக்கிறார்கள். பிள்ளையின் தாய் வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலை செய்கிறாள். அம்மாயிக்குப் பேச்சுத்துணை வானொலிதான். அறிவிப்பாளர் வணக்கம் சொன்னால் அவரும் பதிலுக்குச் சொல்வார்.

அண்மையில் பேத்தி கைத்தொலைபேசியில் வீட்டு ரோபோ ஒன்றைப் பார்த்துவிட்டு, "மாமா, இது நம்ம வீட்டுக்கு வந்தா எங்கூடப் பேசுமா?" என்று கேட்டாள்.

எனக்கு ஜீனோ நினைவுக்கு வந்தது. சுஜாதா 1980களில் எழுதிய 'என் இனிய இயந்திரா' நாவலில் வரும் இயந்திர நாய் அது. பேசும், புத்தகம் படிக்கும், தனித்துப்போன நிலாவுக்கு உற்ற துணையாகும். கதை நடப்பதாக அவர் எழுதிய 2021ஆம் ஆண்டும் கடந்துவிட்டது.

நிஜத்தில் நடந்தது என்ன? 1999இல் சோனி நிறுவனம் ஐபோ என்ற இயந்திர நாயை விற்பனைக்கு விட்டது. ஜப்பானுக்கென ஒதுக்கிய மூவாயிரமும் இருபதே நிமிடத்தில் விற்றுத் தீர்ந்தன. 2006இல் உற்பத்தியையும், 2014இல் பழுதுபார்க்கும் சேவையையும் நிறுவனம் நிறுத்தியது. அதன்பின் சிபா மாகாணத்துப் பௌத்த ஆலயமொன்றில் இந்த நாய்களுக்கு இறுதிக் கிரியை நடந்தது. பிக்குகள் பிரித் ஓதுவதுபோல அங்கே குரு சூத்திரம் ஓதினார்.

அமெரிக்காவில் குடும்பங்களுக்கென்றே வந்தது ஜிபோ. 2017இல் வீடுகளுக்குள் நுழைந்த அது, 2019இல் தன்னை இயக்கும் தொலைதூரக் கணினிகள் நிறுத்தப்படப் போவதாகத் தானே அறிவித்து விடைபெற்றது. வாங்கியவர் வீட்டில் இருந்தது உடல்தான். உயிர் நிறுவனத்தின் கையில் இருந்தது.

"பேசும்" என்றேன் பிள்ளையிடம். அவள் அடுத்து, "போயிறாதுல்ல?" என்று கேட்டாள். தாயை வழியனுப்பிய பிள்ளை அல்லவா? எனக்குப் பதில் வரவில்லை.

இயந்திரத் துணையை நான் பழிக்கவில்லை. வானொலியும் ஓர் இயந்திரந்தானே! ஆனால் துணை என்று ஒன்றை வீட்டுக்குள் விடுமுன் அந்தப் பிள்ளையின் கேள்வியை நாமும் கேட்டாக வேண்டும்.

இந்த உரையை அம்மாயி இப்போது கேட்டுக்கொண்டிருப்பார். நான் வணக்கம் சொன்னதும் பதில் வணக்கம் சொல்வார். அது எனக்குக் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போய் நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

வணக்கம்.