கயிற்றை இழுக்கும் உரிமை



மேலாண்மைப் பட்டத்தோடு வேலைக்குப் போகும் உங்களுக்கு லண்டனின் இந்தக் குட்மேய்ஸிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பார்லி லேனில் உள்ள கிங் ஜார்ஜ் மருத்துவமனையையும் ராம்ஃபோர்டில் உள்ள குயின்ஸ் மருத்துவமனையையும் நடத்துவது ஒரே என்எச்எஸ் டிரஸ்ட். நிர்வாகக் குறைபாடுகளால் 2013 டிசம்பரில் அது சிறப்புக் கண்காணிப்பின் கீழ் வந்தது. 2015இல், சியாட்டிலின் வர்ஜீனியா மேசன் மருத்துவமனையின் முறையைக் கற்கத் தேர்வான ஐந்து டிரஸ்டுகளில் அதுவும் ஒன்று.

வர்ஜீனியா மேசன் அந்த முறையைக் கற்றது டொயோட்டாவிடம். அங்கே பழுதைக் கண்ட எந்தத் தொழிலாளியும் பக்கத்தில் தொங்கும் கயிற்றை இழுக்கலாம். உடனே மேற்பார்வையாளர் வந்து நிற்பார்; பழுது தீராவிட்டால் உற்பத்தியே நிற்கும். மருத்துவமனையில் அதுவே, நோயாளிக்கு ஆபத்து என்று கண்ட எந்த ஊழியரும் வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமையானது. ஒரு வேலையில் தாமதம் என்றால் அதைச் செய்கிற செவிலியர், எழுத்தர், மருத்துவர் எல்லாரும் ஐந்து நாள் சேர்ந்திருந்து, நோயாளி எங்கே வீணாகக் காத்திருக்கிறார் என்று பார்த்து, அவர்களே மாற்றுவார்கள்.

நம் டிரஸ்ட் 2017 மார்ச்சில் சிறப்புக் கண்காணிப்பிலிருந்து விடுபட்டது. காரணம் இந்தப் பயிற்சி ஒன்றே என்று நான் சொல்லமாட்டேன். ஏனென்றால் அதே பயிற்சி பெற்ற ஐந்தில், சரே அண்ட் சசெக்ஸ் டிரஸ்ட் 2019இல் மிக உயர்ந்த தரமதிப்பைப் பெற்றது. ஷ்ரூஸ்பரி அண்ட் டெல்ஃபோர்டோ 2018இல் சிறப்புக் கண்காணிப்புக்குள் போனது. அதன் மகப்பேறுப் பிரிவைப் பற்றி 2022இல் வந்த ஆக்கெண்டன் அறிக்கை, குறைகளை வாய்விட்டுச் சொல்ல ஊழியர்கள் பயந்ததைப் பதிவுசெய்தது. பயம் இருக்கும் இடத்தில் எந்தக் கயிறும் பயன்படாது.

நம்மவர்களுக்கும் இந்த முறை புதிதல்ல. சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, எல்லா ஊழியரையும் பங்கேற்கவைக்கும் தர மேலாண்மைக்காக 1998இல் ஜப்பானின் டெமிங் பரிசு பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதல்முறை.

ஆகவே பட்டதாரிகளே, வேலையில் சிக்கல் வந்தால் முதலில் அறிக்கை எழுத உட்காராதீர்கள். வேலை நடக்கும் இடத்துக்குப் போங்கள். பல வருடமாக அதைச் செய்கிறவரிடம், எங்கே இடிக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்வது உங்கள் பாடப்புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டாலும் முழுதாகக் கேளுங்கள். கெட்ட செய்தி கொண்டுவருகிறவருக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். காரணத்தை அப்புறம் ஆராயலாம். மேலதிகாரி தவறான வழியில் போகும்போது மரியாதையோடு, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.

நீங்கள் படித்த கோட்பாடுகள் நல்லவை. உங்களுக்குக் கீழே வேலை செய்யும் கடைசி ஆளுக்கும் பேசத் துணிவு தந்தால்தான் அவை வேலை செய்யும். அந்தத் துணிவைத் தரும் மேலாளர்களாக விளங்குங்கள்.