எந்தக் கேள்வியை ஆய்வுக்கு எடுப்பது?

(போடிமெட்டில் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, விடியும் முன்பே ஜீப்புகள் இந்த மெட்டுக்கு ஏறி வருகின்றன. இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பார்கள். 2020 மார்ச்சில் எல்லை அடைபட்டது. ஊர் திரும்ப வழியற்றவர்கள் காட்டுப் பாதைகளில் இறங்கி நடந்தனர். இராசிங்காபுரம் மலைப்பகுதியில் அவர்களில் ஒரு குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. குழந்தை உட்படச் சிலர் மாண்டனர். கொரோனா மரணக் கணக்கில் இவர்களுக்கு இடமில்லை.

கொள்ளைநோய்க் காலத்தில் எதை முதலில் ஆராய்வது என்பதை அறிஞர்களின் அறைக்குள் மட்டுமே முடிவு செய்யும் விஷயமாகக் கருதுகிறவர்கள் உண்டு. உலக மருத்துவ ஆய்வுச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட வளரும் நாடுகளின் நோய்களுக்குச் செல்வதில்லை என்று 1990லேயே ஒரு சர்வதேச ஆணையம் சுட்டிக்காட்டியது. அந்த ஓரவஞ்சனையைக் கொரோனா மேலும் வெளிச்சமிட்டுக் காட்டியது.

பிளாஸ்மா சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 39 மருத்துவமனைகளில், 464 நோயாளிகளிடம் அதைச் சோதித்தது. நோய் முற்றுவதையோ இறப்பையோ அது குறைக்கவில்லை என்ற முடிவு 2020 அக்டோபரில் வெளியாயிற்று. நேர்மையான, பயனுள்ள ஆய்வு. ஆயினும் அரசின் வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது 2021 மே மாதத்தில்தான். அதற்குள் இரண்டாம் அலையில் எத்தனை குடும்பங்கள் பிளாஸ்மாவுக்கும் ரெம்டெசிவிருக்கும் நகை நட்டை விற்று அலைந்தன!

மறுபுறம், உயிர் காத்தது டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான பழைய மாத்திரை. செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் இறப்பை அது மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்பதை 2020 ஜூனில் பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு மெய்ப்பித்தது. காப்புரிமை காலாவதியான மருந்தில் எந்த ஏகபோக நிறுவனத்துக்கும் லாபமில்லை. பொதுப்பணம் இல்லையேல் அந்தக் கேள்வியைக் கேட்கவே ஆளிருந்திருக்காது.

இனி, ஜீப்பில் ஒலிக்கும் இருமலுக்கு வருவோம். 2019இல் இந்தியாவில் பதிவான காசநோயாளிகள் சுமார் 24 லட்சம். 2020இல் 18 லட்சம். நோய் குறையவில்லை, கண்டறிவதுதான் குறைந்தது. ஊரடங்கில் நோயாளிகளால் மருத்துவமனைக்கு வர இயலவில்லை. சளிப் பரிசோதனைக் கருவிகளும் ஊழியர்களும் கொரோனாவுக்குத் திருப்பப்பட்டனர். விடுபட்ட அந்த ஆறு லட்சம் பேர் தம் வீடுகளில் இருமிக்கொண்டிருந்தார்கள்.

ஏழை நாடு தன் கேள்வியைத் தானே கேட்ட காலமும் இருந்தது. 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. எல்லா நோயாளிகளுக்கும் சானடோரியப் படுக்கை தர நாட்டுக்கு வசதியில்லை. ஆகவே, குடிசையிலேயே மருந்து கொடுத்தால் குணமாகுமா என்று அம்மையம் கேட்டது. நெரிசலான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த நோயாளிகளில் ஒரு பகுதியினர் வீட்டிலும் மறுபகுதியினர் சானடோரியத்திலும் ஓராண்டு மருந்துண்டனர். குணமானோர் விகிதம் ஏறத்தாழ ஒன்றே. வீட்டிலிருந்தோரின் உறவினருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தையே மாற்றியது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தோர் சத்தற்ற உணவு உண்டும் குணமடைந்தனர் என்ற செய்தி ஆட்சியாளர்களுக்கு வசதியாகப் போயிற்று. மாத்திரை போதும், சோறு பற்றிப் பேச வேண்டியதில்லை என்றாயிற்று. நோயாளியின் வீட்டாருக்குச் சோறு கொடுத்தால் நோய் வராமல் தடுக்கலாமா என்ற கேள்வி அறுபது ஆண்டுகள் காத்துக் கிடந்தது.

அதற்கு விடை ஜார்க்கண்டில், அதுவும் கொரோனா காலத்திலேயே கிடைத்தது. நான்கு மாவட்டங்களில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்ப உறுப்பினர்களிடையே ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை வழங்கப்பட்டன. அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்ததாக 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. தடுப்பூசி அல்ல தோழர்களே, அரிசியும் பருப்பும்!

தடுப்பூசியிலும் கதை இதுவே. குன்னூர் பாஸ்டர் நிலையம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், கசௌலி நிறுவனம் ஆகிய மூன்று பொதுத்துறை அமைப்புகளின் உற்பத்தி உரிமம் 2008இல் நிறுத்திவைக்கப்பட்டது. செங்கல்பட்டில் பல நூறு கோடியில் எழுந்த தடுப்பூசி வளாகம் பெருந்தொற்றின் உச்சத்திலும் சும்மா கிடந்தது. காப்புரிமை விலக்குக் கோரி இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்பை அணுகின. பணக்கார நாடுகள் இழுத்தடித்து, 2022 ஜூனில் நீர்த்துப்போன முடிவொன்றைத் தந்தன.

இம்மெட்டிலிருந்து எழ வேண்டிய கேள்விகள் இன்னும் ஆய்வுக்கூடம் சேரவில்லை. எல்லை மூடப்பட்டபோது மாத்திரை தின்றுகொண்டிருந்த காசநோயாளிகளில் எத்தனை பேருக்கு அது தடைபட்டது? பூச்சிமருந்துப் புகையைச் சுவாசித்த நுரையீரலைக் கொரோனா எப்படித் தாக்கியது? லயத்தில் ஒரே அறையில் ஆறு பேர் வாழும்போது தனிமைப்படுத்தல் என்பதன் பொருள் என்ன? தேனி, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களின் சுகாதாரத் துறைகளும் இவற்றைச் சேர்ந்து ஆராய வேண்டும். கேள்விகளை வகுக்கும் குழுவில் தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் அமர வேண்டும். கோரிக்கை மனுவின் முதல் பத்தியாக இது எழுதப்படட்டும்.