டைபாய்டுக் கிருமியும் மருந்துகளின் தோல்வியும்

உல்லாஸ் நதிக்கருகே அமைந்த கல்யாண், மத்திய ரயில்வேயின் பெரும் சந்திப்புகளுள் ஒன்று. இதன் வழியே பம்பாய்க்கு வேலைக்குச் செல்வோருள் பலர் வெளியில் உண்டு, வெளியில் நீர் அருந்துபவர்கள். இத்தகைய நகரங்களில், உணவின் வழியும் நீரின் வழியும் பரவும் டைபாய்டு மருத்துவப் பிரச்சினை மட்டுமன்று. உழைக்கும் குடும்பத்தின் வருவாயையே குலைக்கும் பொருளாதாரப் பிரச்சினையுமாகும்.

1948ஆம் ஆண்டு முதல் குளோராம்பெனிகால் இந்நோய்க்கு வழங்கப்பட்டு, உயிரிழப்பு பெரிதும் குறைந்தது. ஆயின், 1972இல் கோழிக்கோட்டில் அம்மருந்துக்கு அடங்காத டைபாய்டு தோன்றிற்று. அதே ஆண்டில் மெக்ஸிகோவிலும் இவ்வாறே நேர்ந்தது.

இதன் காரணம் கிருமியின் பாரம்பரியப் பண்பிலேயே உள்ளது. எதிர்ப்புத் திறன் இரு வழிகளில் வருகிறது. ஒன்று, கிருமியின் சொந்த ஜீனில் நேரும் மாறுதல். இது அதன் சந்ததிக்கு மட்டுமே செல்லும். மற்றொன்று பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளையம். இது ஒரு கிருமியிலிருந்து வேறு இனக் கிருமிக்கும் தாவவல்லது. பல மருந்துகளுக்கான எதிர்ப்பை ஒருங்கே சுமக்கவும் வல்லது. கோழிக்கோட்டில் கண்டது இவ்வகையே. 1990ஐ ஒட்டி, இந்தியாவில் ஒரே சமயத்தில் மூன்று மருந்துகளை வென்ற டைபாய்டு பரவிற்று. பின்னர் வந்த சிப்ரோபிளாக்ஸசினோ முதல் வகை மாறுதலால் வலுவிழந்தது. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் செஃப்ட்ரியாக்ஸோனும் பயனற்றுப் போயிற்று.

மருந்தின் ஆற்றல் பொதுச்சொத்தாகும். தேவையின்றி விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும் அச்சொத்தைக் கரைக்கிறது. விழுங்குபவருக்குச் செலவு சில ரூபாய். இழப்போ சமுதாயம் முழுவதற்கும். எனவே இதனைத் தனிமனித விருப்பத்திற்கே விட்டுவிட இயலாது. கோழி, மீன் முதலிய உணவுப் பிராணிகளுக்குக் கொலிஸ்டின் அளிப்பதை 2019இல் இந்திய அரசு தடை செய்தது இக்கருத்திற்கு இசைந்ததேயாகும்.

கல்யாணுக்கு அண்மையிலேயே நல்லதொரு முன்மாதிரி உண்டு. 2018இல் நவி மும்பை மாநகராட்சி, ஒன்பது மாதம் முதல் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளுக்குப் புதிய டைபாய்டுத் தடுப்பூசியை அளிக்கத் தொடங்கியது. முதற்கட்டத்தில் மட்டும் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் பயன் பெற்றனர். வராத நோய்க்கு மருந்து வேண்டியதில்லை. மருந்து புகாத இடத்தில் எதிர்ப்புக்கு வாய்ப்பும் குறைவு.

தூய குடிநீர், கழிவுநீர் வசதி, உணவுக்கடைகளில் கைகழுவ நீர், தடுப்பூசி ஆகியவற்றிற்கு ஆகும் தொகையைச் செலவெனக் கருதலாகாது. இருக்கும் மருந்துகளைக் காக்கும் முதலீடு அதுவே. புதிய மருந்து பிறக்கப் பல ஆண்டுகள் தேவை. கிருமி அத்தனை காலம் காத்திராது.