நிறுத்தும் கட்டளை

தில்லி அலுவலகங்களில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் நமக்குக் காகிதக் கட்டுகளின் இடத்தைக் கணினி பிடித்துப் பல ஆண்டுகள் ஆயின. தேசியத் தகவலியல் மையம் 1976-இல் தோன்றியது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயங்குதளம் 2007-இல் வெளிவந்தது. எக்கணினியாயினும் ஒரு தொல்லை பொதுவானது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் திடீரென அசைவற்று நின்றுவிடும். கட்டளை எழுதி அதனை முடித்துவைப்பது எங்ஙனம்?

ஓடும் நிரல் ஒவ்வொன்றுக்கும் கணினி ஓர் எண் வழங்குகிறது. லினக்ஸில் 'பி.எஸ்.' என்னும் கட்டளை அவ்வெண்களைக் காட்டும். பின்னர், 'கில்' என்று எழுதி உரிய எண்ணைச் சேர்க்கவேண்டும். மொழிபெயர்ப்பாளராகிய நாம் இதனைக் 'கொல்' என்றே பெயர்க்கத் துணிவோம். ஆனால் அக்கட்டளை இயல்பாக அனுப்புவது 15 என்னும் எண்ணுடைய குறிப்பு. 'முடித்துக்கொள்க' என்னும் வேண்டுகோளே அது. நிரல் கோப்புகளைச் சேமித்து முறையாக விலக அதனால் வாய்ப்புண்டு. அதற்குப் பணியாத நிரலுக்கே 9 என்னும் குறிப்பு. அதனை எந்நிரலும் மறுக்க இயலாது. சேமிக்காத எழுத்தும் உடன் மறையும். ஒருமுறை நாம் பொறுமையிழந்து முதலிலேயே 9-ஐ ஏவினோம். அரைநாள் மொழிபெயர்ப்பு போயிற்று. சில நொடிகள் காத்திருந்தால் அது பிழைத்திருக்கக் கூடும்.

தொலைவிலுள்ள கணினிக்கு இன்னும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். விண்டோஸில் 'டாஸ்க்லிஸ்ட்' எண்களைக் காட்டும், 'டாஸ்க்கில்' முடித்துவைக்கும். உரிய அனுமதி இருப்பின், 'எஸ்' என்னும் குறியுடன் வேறொரு கணினியின் பெயரை எழுதி அங்குள்ள நிரலையும் நிறுத்தலாம். ஆயின் அங்கே வேண்டுகோளுக்கு இடமில்லை. தொலைவிலுள்ள நிரல் எப்போதும் வலுக்கட்டாயமாகவே முடிக்கப்படும். லினக்ஸிலோ, பின்லாந்து நாட்டவர் தத்து இலோனென் 1995-இல் உருவாக்கிய 'எஸ்.எஸ்.எச்.' வழியாக அக்கணினிக்குள் நுழைந்து, 15-ஐயே முதலில் அனுப்பலாம்.

நுழைந்தபின் 'ஹோஸ்ட்நேம்' என்று எழுதினால் எக்கணினியில் நிற்கிறோம் என்பது விளங்கும். தில்லியில் நிறுத்த எண்ணியதைச் சென்னையில் நிறுத்திவிடும் பிழை இவ்வொரு சொல்லால் நீங்கும். அங்கே அமர்ந்து எழுதுபவரைத் தொலைபேசியில் அழைத்து, 'சேமித்துவிட்டீர்களா?' என்று கேட்பதும் நம் கடமையே. ஊர்விட்டு வந்து வாழும் நாம், தொலைவிலிருந்து அனுப்பும் ஒரு சொல் அங்குள்ளவர்க்கு என்ன செய்யும் என்பதை நன்கு அறிவோம் அன்றோ?