தூரம் ஒன்று, நேரம் இரண்டு

டோக்கியோவுக்கும் ஹாங்காங்குக்கும் இடையே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். குளிர்காலத்தில் டோக்கியோவிலிருந்து ஹாங்காங் போக சுமார் ஐந்து மணி நேரம்; திரும்பி வர நான்கே மணி நேரம்.

காரணம், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் ஜெட் காற்று. ஜப்பானுக்கு மேலே சில நாட்களில் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். முதுகில் வாங்கினால் லாபம், முகத்தில் வாங்கினால் எரிபொருள் செலவு.

இதை 1920-களிலேயே பலூன் பறக்கவிட்டு அளந்தவர் ஜப்பானிய வானிலை அறிஞர் வாசபுரோ ஓயிஷி. உலகமே படிக்கட்டும் என்று 1926-இல் எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை வெளியிட்டார். நல்ல எண்ணம்தான், படிக்கத்தான் ஆளில்லை! 1944-இல் ஜப்பான்மீது குண்டு வீச வந்த பி-29 விமானங்கள் இந்தக் காற்றில் சிக்கிக் குறி தவறியபோதுதான் அமெரிக்கர்களுக்கு அதன் வலிமை உறைத்தது.

இன்னொரு வேடிக்கை. டோக்கியோ கடிகாரம் ஹாங்காங்கைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. அதனால் டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டையும் வருகையையும் கழித்துப் பார்த்தால் கணக்கு தலைகீழாக வரும்: போக நான்கு மணி நேரம், வர ஐந்து!